கார்போகரிசியும் சீனத்துப் ‘பு கு ஜி’யும் ஒன்றுதானா?

சிங்கப்பூரிலிருந்து வந்த உறவினர் ஒருவர், உங்கள் தாயாரின் முழங்கால் வலிக்கென்று அங்குள்ள சீன மருந்துக் கடையில் வாங்கிய ஒரு பொட்டலத்தைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அதன்மேல் ‘பு கு ஜி’ என்று எழுதியிருக்கிறது. உள்ளே இருப்பது நம்மூர் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் கார்போகரிசியைப் போலவே இருக்கிறது. இரண்டும் ஒன்றுதானா, ஒன்றென்றால் இங்கேயே மலிவாக வாங்கிப் பொடித்துப் பாலில் கலந்து தினமும் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் கேள்விக்கு விடை, ஆம், ஒன்றேதான். இரண்டாவதற்கு விடை, கொடுக்கக் கூடாது. மருந்துச் சரக்குகளை அடையாளம் காணும் வேலையில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் இதைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். ஏனென்றால் இந்தச் சரக்கைப் பற்றிய குழப்பம் பெரும்பாலும் அதன் பெயரிலிருந்தே தொடங்குகிறது.

கார்போகரிசி, அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த ஓராண்டுச் செடியொன்றிலிருந்து கிடைப்பது. செடி இடுப்பளவுக்கோ அதற்குச் சற்று மேலாகவோ வளரும். சிறு ஊதாப் பூக்கள் கொத்தாகப் பூக்கும். தாவரவியல் நூல்களில் நெடுங்காலம் ‘சொராலியா கோரிலிஃபோலியா’ என்றிருந்த பெயர் இப்போது ‘கல்லன் கோரிலிஃபோலியம்’ என்று மாறியிருக்கிறது. இலையெங்கும் புள்ளி புள்ளியாகச் சுரப்பிகள் இருக்கும். ‘சொராலியா’ என்ற பெயரே சொறி பிடித்தது என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து, அந்தப் புள்ளிகளைக் கண்டு வைக்கப்பட்டது. தோல் நோய்க்கான சரக்குக்குச் சொறியின் பெயர் வாய்த்தது தற்செயல்தான்.

நாம் அரிசி என்கிறோம், சீனர்கள் விதை என்கிறார்கள். நுணுகிப் பார்த்தால் இது முழுக் காய். ஒரு காய்க்கு ஒரே விதை. காயின் தோல் விதையோடு ஒட்டிக்கொண்டு, முற்றினாலும் வெடிக்காமல் அப்படியே உதிரும். ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் பரப்பிப் பாருங்கள். மூன்று முதல் ஐந்து மில்லிமீட்டர் நீளத்தில், சற்றே தட்டையாக, சிறுநீரக வடிவில், கறுப்பாகவோ கரும்பழுப்பாகவோ இருக்கும். உருப்பெருக்கிக் கண்ணாடியில் மேற்பரப்பு வலைபோலச் சுருங்கிக் காணும். நகத்தால் நசுக்கினால் எண்ணெய்ப் பசை ஒட்டும், காட்டமான ஒரு மணம் எழும். இவ்வளவும் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஊமத்தை விதையும் ஏறக்குறைய இதே அளவில், இதே வடிவில் இருப்பதால், தராசில் கொட்டிய குவியலைத் தூரத்திலிருந்து பார்த்து எவராலும் உறுதி சொல்ல முடியாது. மணமும் எண்ணெய்ப் பசையும் இல்லையென்றால் அதைத் தொடாதீர்கள்.

இனி பெயருக்கு வருவோம். வடமொழியில் இதற்குப் ‘பாகுசி’ என்றும் ‘வாகுசி’ என்றும் பெயர். கடல்வழியே சரக்கோடு சேர்ந்து பெயரும் சீனத் துறைமுகங்களில் இறங்கியபோது, அங்குள்ளவர்கள் காதில் விழுந்ததைப் ‘போ கு ஜி’ என்று மூன்று எழுத்துகளில் எழுதிக்கொண்டார்கள். சீன எழுத்து ஒவ்வொன்றும் ஒலியோடு ஒரு பொருளையும் சுமந்துவரும். அதனால் அயல்மொழிப் பெயரை எழுதப் புகுந்தால் வேண்டாத பொருளும் ஒட்டிக்கொள்ளும். மக்கள் வழக்கில் இது ‘கிழிந்த பழைய தாள்’ என்று பொருள்படும் எழுத்துகளில் எழுதப்பட்டது, அப்படியே நிலைத்தும்விட்டது. அதே ஓசையைச் சற்றுத் திருத்திக் கண்ணியமான எழுத்துகளில் எழுதியபோது ‘பு கு ஜி’ ஆயிற்று: ‘பு’ என்றால் குறையை நிரப்புதல், ‘கு’ என்றால் எலும்பு, ‘ஜி’ என்றால் கொழுப்பு அல்லது பிசின். 1596இல் அச்சான ‘பென்ட்சாவ் காங்மு’ என்னும் மருந்துப் பெருந்தொகுப்பில் லி ஷிஜென் என்ற மருத்துவர் இதை மறைக்காமலே எழுதியிருக்கிறார். எலும்பைச் சொல்லும் பெயர் மருந்தின் குணத்தைக் குறிப்பது, அயல்நாட்டார் சொல்வது ‘போ கு ஜி’, அதைப் பொதுமக்கள் பழைய தாளாகத் திரித்துவிட்டார்கள் என்பது அவருடைய விளக்கம். ஆக, உங்கள் உறவினர் கையில் எடுத்து ‘எலும்புக்கு நல்லது, பெயரிலேயே இருக்கிறது’ என்று காட்டிய சொல், நம் பக்கத்துப் பாகுசி வேற்றுமொழியில் அணிந்துகொண்ட சட்டை.

சட்டைக்குள் ஒன்றுமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. தாங் அரச மரபின் காலத்தில், கான்டன் துறைமுகம் அடங்கிய லிங்னான் பகுதியில் ஆளுநராக இருந்த ஜெங் யின் என்பவரின் பெயரால் ஒரு குறிப்பு சீன மருந்து நூல்களில் வழங்குகிறது. தனக்கு 75 வயது, தென்னாட்டின் ஈரக்காற்று ஒத்துக்கொள்ளாமல் உடல் தளர்ந்துவிட்டது என்று அதில் அவர் சொல்கிறார். 812இல், ஜாவாவில் இருந்ததாகக் கருதப்படும் ஹெலிங் நாட்டைச் சேர்ந்த லி மோஹெ என்ற கப்பல் தலைவர் அவருடைய நிலையைக் கேள்விப்பட்டு இந்தச் சரக்கையும் செய்முறையையும் கொண்டுவந்து கொடுத்தார். அந்த ‘மோஹெ’, ‘மகா’ என்பதன் சீன ஒலிவடிவம். ஆளுநர் ஐயப்பட்டு முதலில் சாப்பிடவில்லை. கப்பல் தலைவர் தலைவணங்கித் திரும்பத் திரும்ப வற்புறுத்திய பிறகே சாப்பிட்டார். ஏழெட்டு நாளில் பலன் தெரிந்தது. 815இல் தலைநகருக்குத் திரும்பும்போது செய்முறையை எழுதிவைத்தார்.

அந்தச் செய்முறையைப் படித்தால் நமக்குச் சிரிப்பு வரும், ஏனென்றால் அது அப்பட்டமான லேகியம். பத்துப் பங்கு கார்போகரிசியைக் கழுவி வெயிலில் காயவைத்து இடித்துச் சலித்துக்கொள்ள வேண்டும். இருபது பங்கு அக்ரூட் பருப்பை வெந்நீரில் ஊறவைத்துத் தோலுரித்துச் சேறுபோல அரைக்க வேண்டும். இரண்டையும் நல்ல தேனில் குழைத்துப் பீங்கான் பாண்டத்தில் வைத்துக்கொண்டு, நாள்தோறும் காலையில் ஒரு கரண்டி வெதுவெதுப்பான மதுவில் கலந்து குடித்து, மேலே உணவு உண்ண வேண்டும். மது அருந்தாதவருக்கு வெந்நீர். இங்கே கவனிக்க வேண்டியது, அக்ரூட் இரண்டு மடங்கு இருக்கிறது என்பதே. கார்போகரிசி வறட்டும் தன்மையது, அக்ரூட் அதன் வறட்சியை நெய்ப்பால் தணிக்கும் என்பது அவர்களுடைய கணக்கு. அக்ரூட் இல்லாத கார்போகரிசி, இறால் இல்லாத இழுதுமீனை (ஜெல்லிமீனை)ப் போன்றது என்று ஒரு சொலவடையே அங்கே உண்டு. இழுதுமீனுக்குக் கண் இல்லை, அதனோடு ஒண்டியிருக்கும் இறாலே அதற்குக் கண் என்று நம்பிய கடற்கரை மக்களின் பேச்சு அது. பாலில் தனியாகக் கலந்து கொடுக்கலாமா என்ற உங்கள் கேள்விக்கு பழைய சீன வைத்தியரே இந்தப் பழமொழியால் விடை சொல்லியிருப்பார்.

முழங்கால் எங்கிருந்து வந்தது என்றால், சீன மருத்துவத்தில் எலும்பை ஆள்வது சிறுநீரகம். அவர்கள் சிறுநீரகம் என்பது நாம் ஸ்கேனில் பார்க்கும் உறுப்பு மட்டுமன்று. பிறப்போடு வந்த உயிர்ச்சூடு, வளர்ச்சி, இனப்பெருக்கம், முதுமை எல்லாம் அதன் பொறுப்பு. அந்தச் சூடு குறைந்தவருக்கு இடுப்பும் முழங்காலும் குளிர்ந்து வலிக்கும், இரவில் அடிக்கடி சிறுநீர் போகும், விடியுமுன்னே வயிறு கலக்கும் என்று அவர்கள் வகுக்கிறார்கள். கார்போகரிசி கார்ப்பும் கசப்பும் கொண்ட சூடான மருந்து. சிறுநீரகத்தையும் மண்ணீரலையும் சென்றடைவது. குளிர்ந்ததைச் சூடாக்குவதே அதன் வேலை. இதன் மறுபக்கத்தை உறவினர்கள் சொல்வதில்லை. உடலில் ஏற்கெனவே சூடும் வறட்சியும் மிகுந்தவருக்கும், மலச்சிக்கல் உள்ளவருக்கும் இது ஆகாது என்று அதே நூல்கள் எழுதிவைத்திருக்கின்றன. ஆகவே, சிங்கப்பூரில் ஒழுங்காகப் பயின்ற சீன வைத்தியர் ஒருவரிடம் உங்கள் தாயாரை அழைத்துப் போயிருந்தால், அவர் நாடி பிடித்து நாக்கைப் பார்த்துவிட்டு இதைக் கொடுக்காமலே அனுப்பியிருக்கவும் கூடும்.

அவர்கள் இதைத் தனியாகக் கொடுப்பது அரிது. புகழ்பெற்ற ‘சி ஷென் வான்’, அதாவது நான்கு தெய்விகச் சரக்கு மாத்திரை, விடியற்காலை மூன்று மணிக்கும் ஐந்து மணிக்கும் இடையே எழுப்பிவிடும் வயிற்றுப்போக்குக்கானது. அதில் கார்போகரிசி நான்கு பங்கு, சாதிக்காய் இரண்டு பங்கு, ‘வூ வெய் ஜி’ என்னும் ஐஞ்சுவைப் பழம் இரண்டு பங்கு, ‘வூ ஜு யூ’ என்னும் காரமான காய் ஒரு பங்கு. இஞ்சியும் சீன இலந்தையும் சேர்த்து வேகவைத்து உருட்டுவார்கள். குழந்தைக்கு வயிறு போனால் சாதிக்காயை உரைத்து நாக்கில் தடவிய வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் கூட்டில் பாதி விளங்கிவிடும்.

அதற்கும் முன்னதாகச் சுத்தி செய்தல் என்ற ஒன்று இருக்கிறது. சீனத்தின் மிகப் பழைய மருந்துப் பக்குவ நூலான ‘லெய் கொங் பாவ் ஜி லுன்’, கார்போகரிசியைக் கடும் வறட்சியும் நஞ்சும் உடையது என்று வெளிப்படையாகச் சொல்கிறது: ஓர் இரவு மதுவில் ஊறவைத்து, பிறகு கிழக்கு நோக்கி ஓடும் நீரில் மூன்று நாள் இரவும் பகலும் போட்டு, முற்பகல் தொடங்கிப் பிற்பகல் வரை ஆவியில் அவித்து, வெயிலில் காயவைத்த பின்னரே பயன்படுத்த வேண்டும். இந்நாளில் அவ்வளவு செய்வதில்லை. நூறு கிலோ சரக்குக்கு இரண்டு கிலோ உப்பைக் கரைத்துப் பிசறி, நீர் உட்கொண்டதும் மிதமான சூட்டில் வறுப்பார்கள். காய்கள் சற்றே உப்பி, மெல்ல வெடிக்கும் ஓசை கேட்டு, மணம் எழும்போது இறக்குவார்கள். ஆயுர்வேதத்தில் கோமூத்திரத்திலோ இஞ்சிச் சாற்றிலோ ஏழு நாள் ஊறவைப்பது வழக்கம். சீன மருந்து நூல் இன்று அனுமதிக்கும் உள்ளளவு ஒரு நாளைக்கு 6 முதல் 10 கிராம் வரை; வைத்தியர் எழுதிக்கொடுத்து, கஷாயக் கூட்டில் ஓர் உறுப்பாகச் சேர்ப்பதற்கான அளவு அது. நம் கடையில் நிறுத்துக் கொடுப்பதோ எந்தச் சுத்தியும் ஆகாத பச்சைச் சரக்கு. பச்சைப் பொடியை ஒரு தேக்கரண்டி அள்ளிப் பாலில் போடுவதற்கும் இதற்கும் ஒப்பீடே இல்லை.

இதே விதையை நம் நாட்டு மருத்துவம் வேறு கண்ணால் பார்த்தது. சித்தத்திலும் ஆயுர்வேதத்திலும் இது முதலில் தோலுக்கான மருந்து: கரப்பான், சொறி, சிரங்கு, எல்லாவற்றுக்கும் மேலாக வெண்புள்ளி. (வெண்குஷ்டம் என்ற பழஞ்சொல்லை விட்டுவிடுவோம், அதற்கும் தொழுநோய்க்கும் தொடர்பில்லை.) சீனர்களும் வெண்புள்ளிக்கும் திட்டுத் திட்டாக முடி உதிர்வதற்கும் இதைச் சாராயத்தில் ஊறவைத்து மேலே பூசுவதுண்டு. ஆனால் அங்கே அது இரண்டாம் வேலை, இங்கே முதல் வேலை. என் கருத்தில், நம் முன்னோர் கண்டதே இந்த விதையின் உறுதியான குணம். ஏனென்றால் அதன் காரணத்தை வேதியியல் தெளிவாகக் காட்டிவிட்டது.

1933இல் இந்திய வேதியியலாளர்கள் இந்த விதையை ஆராய்ந்து ‘சொராலென்’ என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். செடியின் பெயரே பொருளுக்கும் ஆயிற்று. அதன் உடன்பிறப்பு ‘ஐசோசொராலென்’. சொராலென் மூலக்கூறு தட்டையானது. அது தோல் உயிரணுக்களின் டிஎன்ஏ ஏணிப்படிகளுக்கு இடையே நழுவி உட்கார்ந்துகொள்ளும். இருட்டில் அதனால் பெரிய தொல்லை இல்லை. வெயிலில் உள்ள புற ஊதா ஏ கதிர் பட்டதும் அது விழித்துக்கொண்டு, ஏணியின் இரு பக்கங்களையும் ஒன்றோடொன்று தைத்துவிடும். அளவோடு நடந்தால் நிறமி அணுக்கள் தூண்டப்பட்டு, வெளுத்த இடத்தில் நிறம் திரும்பும். அளவு மீறினால் தோல் வெந்துபோகும். மருந்தும் நஞ்சும் இங்கே ஒரே வினையின் இரண்டு அளவுகள். 1974இல் அமெரிக்கத் தோல் மருத்துவர்கள் காளாஞ்சகப்படைக்கு (சோரியாசிஸ்), அளந்த சொராலென் மாத்திரையும் அளந்த புற ஊதாக் கதிரும் சேர்ந்த சிகிச்சையை வெளியிட்டார்கள். அவர்கள் பயன்படுத்திய மாத்திரையில் இருந்தது, எகிப்தில் வெண்புள்ளிக்கு வழங்கிவந்த ஓமக் குடும்பச் செடியொன்றில் கிடைக்கும் சொராலென் வகை. செடி வேறு, சூத்திரம் ஒன்றே.

இதில் ஆபத்தான நுட்பம் ஒன்று இருக்கிறது. சாதாரண வெயிலில் தோல் கன்றினால் ஒரு நாளில் தெரிந்துவிடும். சொராலென் பட்ட தோலில் வேக்காடு மெல்ல ஏறி, இரண்டு மூன்று நாள் கழித்தே உச்சத்தைத் தொடும். எனக்குத் தெரிந்த இளைஞர் ஒருவர், காலில் இருந்த வெண்புள்ளியில் கார்போகரிசித் தைலத்தைப் பூசிக்கொண்டு, யாரோ சொன்னபடி காலை வெயிலில் பத்து நிமிடம் நின்றார். அன்று ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் லேசான சிவப்பு மட்டும். பலன் போதவில்லை என்று எண்ணி அன்று மதியம் அரை மணி நேரம் நின்றார். நான்காம் நாள் என்னைப் பார்க்க வந்தபோது கணுக்காலுக்கு மேலே நெல்லிக்காய் அளவில் நீர்க்கொப்புளங்கள். அவை ஆறிய பின் அந்த இடத்தைச் சுற்றிலும் கருந்தழும்பு பல மாதங்கள் நின்றது. புற ஊதா ஏ கதிர் சாதாரண ஜன்னல் கண்ணாடியையும் கடந்து வரும் என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள். பேருந்தில் ஜன்னலோர இருக்கையும் வெயில்தான்.

உங்கள் தாயாரின் விஷயத்தில் தோலைவிட எனக்குக் கவலை தருவது கல்லீரல். எலும்புத் தேய்வுக்கென்று சீனாவில் பரவலாக விற்கப்படும் ‘ஷியன்லிங் குபாவ்’ என்ற கூட்டு மருந்து கல்லீரலைப் பாதிக்கக்கூடும் என்று 2016இல் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே எச்சரித்தது. அதிலுள்ள ஆறு சரக்குகளில் கார்போகரிசியும் ஒன்று. ஐயத்துக்குரியவற்றில் அது முன்வரிசையில் நிற்கிறது. இதே சரக்கைப் ‘போகோல்ஜி’ என்று அழைக்கும் கொரியாவிலும், இதைச் சாப்பிட்டவருக்குப் பித்தநீர் தேங்கும் வகைக் கல்லீரல் அழற்சி வந்த செய்தி 2005இல் மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. எல்லோருக்கும் வருவதில்லை என்பது உண்மை. யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்ல வழியில்லை என்பதும் உண்மை. சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் கொழுப்புக்கும் மாத்திரை எடுக்கும் வயதில் இந்தச் சுமையையும் ஏற்ற வேண்டியதில்லை.

அப்படியானால் எலும்புக்கு இதனால் பயனே இல்லையா என்று கேட்பீர்கள். ஆய்வகத்தில் எலும்பு உயிரணுக்களிலும், சினைப்பை நீக்கப்பட்ட எலிகளிலும் சொராலெனும் இந்த விதையிலுள்ள ஃபிளேவனாய்டு என்னும் தாவரப் பொருள்களும் எலும்பு வளர்ச்சிக்குச் சாதகமாக நடந்துகொண்டிருக்கின்றன. சிலவற்றுக்குப் பெண்மை ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனைப் போன்ற மென்மையான குணமும் இருக்கிறது. இதே காரணத்தால் மார்பகம், கருப்பை தொடர்பான புற்றுநோய் வரலாறு உள்ளவர்கள் இதைத் தவிர்ப்பது நல்லது. எலியின் தொடையெலும்பிலிருந்து உங்கள் தாயாரின் முழங்காலுக்கு நெடுந்தூரம். அதோடு, இந்த வயதில் முழங்கால் வலி பெரும்பாலும் மூட்டுக் குருத்தெலும்பு தேய்வதால் வருவது. எலும்பு அடர்த்தி குறைவது வேறு நோய். இரண்டையும் ஒரே பொட்டலத்தால் தீர்க்கப் பார்ப்பது, தலைவலிக்கும் தலைமுடிக்கும் ஒரே தைலம் கேட்பது போன்றது.

கடைசியில், உங்கள் மகள் பூசும் ‘பகுச்சியால்’ சீரமும் இதுதானா என்று கேட்டிருந்தீர்கள். அதுவும் இந்த விதையிலிருந்து வந்ததே. 1966இல் புனே தேசிய வேதியியல் ஆய்வகத்தில் பிரித்தெடுக்கப்பட்டு, பாகுசியின் பெயரையே பெற்றது. ஆனால் அது சொராலென் வகையைச் சேர்ந்ததன்று, வெயிலோடு கூட்டுச்சேராது. 2019இல் வெளியான ஓர் ஆய்வில் 44 பேர் பன்னிரண்டு வாரம் பூசியதில், சுருக்கத்தையும் கருமையையும் குறைப்பதில் 0.5 விழுக்காடு பகுச்சியால் தோல் சுருக்கத்துக்குப் பூசும் வைட்டமின் ஏ வகையான ரெட்டினாலின் அதே அளவுக்கு ஈடாக நின்றது. தோல் உரிவதும் எரிவதும் ரெட்டினால் பூசியவர்களுக்கே அதிகம். நன்கு தூய்மை செய்த பகுச்சியால் என்றால் தொடரட்டும். ‘பாகுசி எண்ணெய்’ என்று விற்கப்படுவது வேறு பொருள். அதில் சொராலெனும் கலந்திருக்கும். பெயர்கள் நெருக்கமாக இருப்பதால் இரண்டையும் ஒன்றென்று நினைத்து வாங்குகிறார்கள். குப்பியின் பின்பக்கத்தில் எது எழுதியிருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள்.

வெண்புள்ளிக்கு இந்த மருந்தை நாடுவோர், தோல் மருத்துவர் அல்லது பதிவு பெற்ற சித்த மருத்துவர் மேற்பார்வையில், கல்லீரல் பரிசோதனையோடு மட்டுமே எடுக்க வேண்டும். கருவுற்றவர்களும் குழந்தைகளும் பக்கமே போக வேண்டாம். தாயாருக்குக் கொடுத்துவிட்டீர்கள் என்றால் இன்றோடு நிறுத்துங்கள். கண்ணில் மஞ்சள், சிறுநீரில் கருமை, உடலில் அரிப்பு, சாப்பாட்டில் வெறுப்பு ஆகியவற்றில் ஏதாவது தெரிந்தால் பொட்டலத்தையும் கையில் எடுத்துக்கொண்டு அன்றே மருத்துவரிடம் போங்கள். வீட்டில் அரைத்துவைக்கும் நலங்கு மாவில் பூலாங்கிழங்கு, கஸ்தூரி மஞ்சளோடு ஒரு பிடி கார்போகரிசி இருக்கிறதே என்று பதற வேண்டாம். தேய்த்த சிறிது நேரத்தில் கழுவிவிடும் பொருள் அது, அளவும் சொற்பம். முகத்தில் ஊறவைத்துக்கொண்டு மொட்டை மாடியில் துணி காயப்போடப் போகாமல், மாலைக் குளியலில் தேய்த்து நன்றாகக் கழுவிவிட்டால் போதும்.